நகரம் காணச் செல்வோர்க்கு வழி சொல்வது யார்?

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் - கணிதம்)

ஊர் சுற்றிப் பார்ப்பது என்றதும் நம்மில் பலருக்கு உல்லாசம் என்ற எண்ணமே முதலில் எழுகிறது. ஆனால் புதியதொரு நகரில் போய் இறங்கியவருக்கு முதலில் எழுவது உல்லாசமன்று, ஐயம். எந்தப் பக்கம் செல்வது, எந்த வண்டியில் ஏறுவது, எங்கே இறங்குவது, இறங்கிய இடம் சரியான இடந்தானா என்று எப்படி அறிவது என்னும் நான்கு வினாக்கள் அவரைச் சூழ்ந்து கொள்கின்றன. இவற்றுக்கு விடை கிடைத்த பிறகே நகரம் தன் அழகைக் காட்டத் தொடங்குகிறது. விடை கிடைக்காதவருக்குக் கடற்கரையும் ஒன்றுதான், காய்கறிச் சந்தையும் ஒன்றுதான்.

இந்நான்கு வினாக்களுக்கும் ஆசிய நகரங்கள் எவ்வெவ்வாறு விடை சொல்கின்றன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். நான் கடல் கடந்து சென்றவளல்லள். சிங்கப்பூரையும் தோக்கியோவையும் நூல்கள் வழியாகவும் வரைபடங்கள் வழியாகவும் படித்தறிந்தேன். மதுரையையும் புதுவையையும் சென்னையையும் கால்களால் நடந்து அறிந்தேன். பிறந்த ஊர் மேல்மலையனூர். எங்கள் வீட்டில் பேருந்துப் பலகையைப் படித்துச் சொல்லும் வேலை எனக்கு ஆறு வயதிலேயே வந்து சேர்ந்தது. ஆகவே இப்பொருளில் எனக்குச் சிறிது அனுபவம் உண்டு என்று சொல்லிக் கொள்ளலாம்.

தமிழில் பயண நூல்களுக்குக் குறைவில்லை. 'உலகம் சுற்றும் தமிழன்' என்றே பெயர் பெற்ற ஏ. கே. செட்டியார் (1911-1983) 1930களில் ஜப்பானுக்குச் சென்று புகைப்படக் கலை பயின்றவர். பின்னர் காந்தியடிகளைப் பற்றிய ஆவணப் படத்திற்காக உலகின் பல பகுதிகளுக்கும் சென்று படச்சுருள் திரட்டியவர். அவர் போன்றோர் எழுதியவற்றைப் படிக்கும்போது எனக்கு ஓர் எண்ணம் தோன்றும். அவர்கள் படித்தவர்கள். மொழி தெரியாத நாட்டிலும் எழுத்து என்ற ஒன்று இருக்கிறது, அது ஏதோ சொல்கிறது என்று அறிந்தவர்கள். எழுத்தே அறியாத ஒருவர் நகரம் காணச் சென்றால் என்ன செய்வார்? அவருக்கு வழி சொல்வது யார்?

முன்னோர் வைத்த அடையாளம்

இவ்வினாவுக்கு நம் பக்கத்திலேயே பழைய விடை ஒன்று இருக்கிறது. எங்கள் ஊருக்கு அடுத்த பெருநகரம் திருவண்ணாமலை. அங்கே மலையைச் சுற்றியுள்ள 14 கிலோமீட்டர் வலப் பாதையில் எட்டுத் திசைக்கும் எட்டு லிங்கங்கள் உள்ளன. கிழக்கே இந்திர லிங்கத்தில் தொடங்கி அக்கினி, யமன், நிருதி, வருணன், வாயு, குபேரன் எனச் சென்று வடகிழக்கே ஈசானியத்தில் முடியும். பௌர்ணமி இரவில் வருகின்ற பெருங்கூட்டத்தில் எழுத்தறியாதவர் எத்தனையோ பேர். ஒருவராவது வழி தவறியதாக நான் கேள்விப்பட்டதில்லை. மலை எப்போதும் வலக்கைப் பக்கம் இருக்க வேண்டும், லிங்கங்கள் வரிசையாக வரவேண்டும், இவ்வளவுதான் விதி. பக்திக்காக ஏற்பட்ட முறை என்றாலும், கணிதம் படிக்கும் எனக்கு அது வட்டத்தின் மேல் எட்டுப் புள்ளிகள் குறித்ததாகவே தெரிகிறது.

மதுரையின் அமைப்பு இன்னும் வியப்பூட்டுவது. மீனாட்சியம்மன் கோயிலை நடுவில் வைத்துச் சதுரத்துக்குள் சதுரமாக வீதிகள் சுற்றி வருகின்றன. கோயிலுக்குள் ஆடி வீதி, அதற்கு வெளியே சித்திரை வீதி, பின்னர் ஆவணி மூல வீதி, அடுத்து மாசி வீதி, கடைசியாக வெளி வீதி. ஒவ்வொன்றுக்கும் கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு என நான்கு கைகள். ஆகவே 'மேல மாசி வீதி' என்று சொன்னாலே கோயிலிலிருந்து எந்தத் திசை, எத்தனையாவது சுற்று என்ற இரண்டும் கிடைத்து விடுகின்றன. நாம் வகுப்பில் எக்ஸ் அச்சு, ஒய் அச்சு என்று இரண்டு எண்களால் ஓரிடத்தைக் குறிக்கிறோமே, அதையே அவர்கள் திசையாலும் மாதத்தாலும் குறித்திருக்கிறார்கள். புகைவண்டி நிலையம் மேல வெளி வீதியில் இருக்கிறது. அங்கிருந்து கிழக்கு நோக்கி நடந்து, குறுக்கே மாசி, ஆவணி மூலம், சித்திரை எனப் பெயர்கள் மாறி வந்தால் கோயிலை நெருங்குகிறோம் என்று பொருள். பெயர்கள் திருவிழா மாதங்களைக் குறித்து வந்தவை. ஆனால் இன்று சித்திரைத் திருவிழாவின் தேர் ஓடுவது மாசி வீதிகளில்! இதைக் கேட்டு வெளியூர்க்காரர்கள் குழம்புவதுண்டு. மதுரைக்காரர்கள் குழம்புவதில்லை.

புதுவையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. சதுரங்கப் பலகை போன்ற நேர்த் தெருக்கள். நடுவே ஒரு வாய்க்கால் பழைய பிரெஞ்சுப் பகுதியையும் தமிழர் பகுதியையும் பிரிக்கிறது. எந்தத் தெருவைப் பிடித்துக் கிழக்கே நடந்தாலும் கடல் வரும். கடல் வந்துவிட்டால் திரும்பி நடக்க வேண்டியதுதான்.

எண்ணும் எழுத்தும்

திட்டமிட்டுக் கட்டிய ஊர்களுக்கு இது பொருந்தும். தானாக வளர்ந்து பரந்த பெருநகரங்களுக்கு என்ன செய்வது? அங்கே வண்டிகளே வழிகாட்டிகளாகி விடுகின்றன.

சென்னையில் இராயபுரத்திலிருந்து முதற் புகைவண்டி புறப்பட்டது 1856-இல். மின்சார டிராம் 1895-இல் வந்து 1953-இல் நின்றது. கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் 1931-இல் ஓடத் தொடங்கியது. பறக்கும் ரயில் 1995-இலும் மெட்ரோ ரயில் 2015-இலும் வந்தன. இத்தனை இருந்தும் நகரின் மூலை முடுக்கெல்லாம் போவது பேருந்து ஒன்றே. அதன் எண்களில் ஓர் ஒழுங்கு உண்டு. பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் செல்லும் 29-சி போல, எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்து ஒரு தடத்தின் கிளையைக் காட்டும். அதே தடத்தில் பாதி வழியில் திரும்பி விடுவது 'கட்' பேருந்து. சென்னைவாசிகளுக்கு இது தாய்ப்பால் போல. நமக்கோ முதல் நாள் பெருந் துன்பம். எண்ணைப் பார்த்து ஏறி அமர்ந்து, மூன்றாவது நிறுத்தத்தில் 'இது கட் சர்வீஸ்' என்று நடத்துநர் சொல்லக் கேட்டவர்கள் நம் கல்லூரியிலேயே பலர் இருப்பார்கள்.

சிங்கப்பூரில் மெட்ரோ ரயில் 1987 நவம்பர் 7-இல் தொடங்கியது. தமிழ் அங்கே நான்கு ஆட்சி மொழிகளுள் ஒன்றாகையால், நிலையங்களில் தமிழெழுத்தைக் காணலாம். ஆனால் பயணி பெரும்பாலும் எழுத்தை நம்பி இருப்பதில்லை. வடக்கு - தெற்குத் தடம் சிவப்பு, கிழக்கு - மேற்குத் தடம் பச்சை, வடகிழக்குத் தடம் ஊதா என நிறத்தாலும், நிலையத்துக்கு நிலையம் ஓர் எண்ணாலும் அவர் செல்கிறார். நம்மவர் கூடும் தேக்காச் சந்தை, சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோயில் ஆகியவற்றுக்குச் செல்ல ஊதாத் தடத்தில் ஏழாம் எண் நிலையத்தில் இறங்கினால் போதும். எங்கள் தெருவிலிருந்து அங்கே கட்டட வேலைக்குச் சென்ற மாமா ஒருவர், "ஊதா ஏழு" என்றுதான் சொல்வார். லிட்டில் இந்தியா என்ற பெயர் அவர் வாயில் வந்ததே இல்லை.

ஆசியாவின் முதல் சுரங்க ரயில் ஓடியது தோக்கியோவில், 1927-இல். அந்நகரில் பெரும்பாலான தெருக்களுக்குப் பெயரே கிடையாது என்பது நமக்கு வியப்பாக இருக்கும். தெருவுக்குப் பதில் மனைத் தொகுதிகளுக்கே எண். அதனால் அங்கே வழி சொல்வோர் நிலையத்திலிருந்து தொடங்கி, கடைகளையும் கட்டடங்களையும் அடையாளமாக வைத்தே சொல்கின்றனர். வெளிநாட்டார்க்கு உதவியாக 2004-ஆம் ஆண்டில் சுரங்க ரயில் நிலையங்களுக்கு எழுத்தும் எண்ணும் சேர்ந்த குறியீடுகள் வைக்கப்பட்டன. நகரின் நடுவே யமனோத்தே என்னும் வட்டத் தடம் ஒன்று உண்டு. 34.5 கிலோமீட்டர், 30 நிலையங்கள், ஒரு சுற்றுக்கு ஒரு மணி நேரம். வட்டத் தடத்தின் சிறப்பு யாதெனில், எதிர்த் திசை வண்டியில் ஏறிவிட்டாலும் காலதாமதமாகவேனும் ஊர் போய்ச் சேர்ந்து விடலாம். நேர்த் தடத்தில் அந்த மன்னிப்பு இல்லை. கிரிவலப் பாதைக்கும் இத்தன்மை உண்டு. ஆயினும் இடமாகச் சுற்றினால் பெரியவர்கள் விட மாட்டார்கள்.

அண்டை நாட்டுக் கொழும்பில் பேருந்துப் பலகைகளில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என மும்மொழிகளும் இடம்பெறுவதால் தமிழ்ப் பயணிக்குத் தொல்லை குறைவு. கொழும்புக் கோட்டையிலிருந்து தெற்கே கடலோரமாகவே ரயில் செல்கிறது. வெள்ளவத்தையில் இறங்குபவர் கடலையும் காலி வீதியையும் இரு கரைகளாக வைத்துக் கொண்டு நடக்கலாம்.

இங்கே வரைபடத்தைப் பற்றி ஒரு சொல். நாம் இன்று காணும் மெட்ரோ வரைபடங்களுக்கெல்லாம் மூலம், இலண்டனில் ஹாரி பெக் என்னும் மின்துறை வரைவாளர் வரைந்து 1933-இல் வெளியான படம். நிலத்தின் மேலுள்ள உண்மையான தூரத்தையும் வளைவையும் அவர் விட்டுவிட்டார். எதற்குப் பிறகு எது, எங்கே தடம் மாறுவது என்ற தொடர்பை மட்டும் நேர்கோடுகளால் காட்டினார். மின்சுற்றுப் படத்தைப் போன்றது அது. நம் பாடத்தில் வரும் கோனிக்ஸ்பர்க் பாலங்களை 1736-இல் ஆய்லர் புள்ளியும் கோடுமாகச் சுருக்கியதும் இதே வழிதான். ஆனால் இப்படத்தை நம்பி நடக்கப் புறப்படுவோர் ஏமாறுவர். படத்தில் ஒரு விரற்கடை என்பது ஓரிடத்தில் 500 மீட்டராகவும் வேறோரிடத்தில் 2 கிலோமீட்டராகவும் இருக்கும்.

நான்கு பெண்களும் ஒரு பகற்பொழுதும்

இதுவரை சொன்னவை எல்லாம் எழுத்தும் எண்ணும் அறிந்தவர்க்கு. இனி நான் நேரில் கண்டதைச் சொல்கிறேன்.

2021 மே மாதம் முதல் தமிழ்நாட்டின் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்கின்றனர். அதன் பிறகுதான் என் அம்மா தனியாகச் செஞ்சிச் சந்தைக்குப் போய்வரத் தொடங்கினார். அதற்கு முன் போகாதது காசு இல்லாமையால் மட்டுமன்று. 'காசும் போட்டு, வழியும் தவறினால்' என்ற அச்சம். கட்டணம் நீங்கியதும் அந்த அச்சத்தில் பாதி நீங்கியது. மறு பாதி எழுத்தைப் பற்றியது, அது இன்னும் இருக்கிறது. அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். படிக்கத் தெரியாது.

சென்ற கோடை விடுமுறையில் அம்மா, பெரியம்மா, அத்தை, எதிர்வீட்டு அக்கா ஆகிய நால்வரும் கடல் பார்க்க வேண்டும் என்று சென்னைக்குப் புறப்பட்டனர். நான் உடன் சென்றேன். ஒரு நிபந்தனை மட்டும் விதித்தேன். "நீங்கதான் முன்னால போகணும். நான் பின்னால வருவேன். கேட்டாத்தான் சொல்லுவேன்." ஆராய்ச்சிக்காக என்று சொன்னபோது பெரியம்மா சிரித்தார். "படிச்ச பொண்ணு எங்கள வெச்சிப் பரீட்சை எழுதுது" என்றார்.

வளத்தி, செஞ்சி, திண்டிவனம் வரை ஐயமே இல்லை. எங்கள் பக்கத்துப் பேருந்துகளை அம்மா பலகையைப் பார்த்து அறிவதில்லை. வண்டியின் நிறம், நிற்கும் இடம், ஓட்டுநரின் முகம் ஆகியவற்றைக் கொண்டே அறிகிறார். சில ஊர்ப் பெயர்களை எழுத்து எழுத்தாக இல்லாமல், ஒரு கோலத்தைப் போல முழு உருவமாக நினைவில் வைத்திருக்கிறார். 'செஞ்சி' என்பது அவருக்கு நடுவில் முடிச்சு விழுந்த குட்டைச் சொல். இப்போது சில வண்டிகளில் ஓடுகிற மின்னெழுத்துப் பலகை வைத்திருக்கிறார்கள். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் சொல் ஓடினால் அதன் உருவம் போய்விடுகிறது. படித்தவர்களுக்குச் செய்த வசதி படிக்காதவரிடமிருந்து ஒன்றைப் பறித்துக் கொண்டதை அன்றுதான் கவனித்தேன்.

தென் மாவட்டப் பேருந்துகளுக்காக 2023 டிசம்பர் 30-இல் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் நிலையத்தில் இறங்கினோம். மிகப் பெரிய நிலையம். நால்வரும் கைகோத்துக் கொண்டு நின்றனர். சென்னையில் மகளிர் இலவசப் பேருந்துகளைத் தூரத்திலேயே கண்டுகொள்வதற்காக 2022-இல் முகப்பிலும் பின்புறத்திலும் இளஞ்சிவப்பு வண்ணம் பூசினார்கள். அத்தை அந்த வண்ணத்தைக் கேள்விப்பட்டிருந்தார். "அதோ ரோஸு வண்டி" என்று அவரே முன்னால் நடந்தார். ஏறும் முன் நடத்துநரிடம் கேட்டது அம்மா. "தாம்பரம் போகுமா?" என்று அவர் கேட்கவில்லை. "வண்டி எங்க போவுதுங்க?" என்றார். இது சிறிய வேறுபாடு போலத் தோன்றும். அவசரத்தில் இருப்பவரிடம் 'போகுமா' என்றால் தலையாட்டி விடுவார். 'எங்கே போகிறது' என்றால் ஊர்ப் பெயரைச் சொல்லியே ஆகவேண்டும். எந்த நூலிலும் படிக்காமல் அம்மா கண்டறிந்த முறை இது. வாயிருந்தால் வங்காளம் போகலாம் என்பார்கள். வாயை எப்படித் திறப்பது என்பதிலும் ஒரு கலை இருக்கிறது.

தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் பூங்கா நிலையம் வரை சென்றோம். மஞ்சள் பலகையில் மூன்று மொழிகளில் பெயர் எழுதியிருந்தும் நால்வரில் ஒருவரும் அதைப் பார்க்கவில்லை. சன்னலுக்கு வெளியே பார்த்தனர். திரிசூலத்தில் எதிரே விமான நிலையம். பின்னர்ப் பரங்கிமலை. கிண்டிக்கும் சைதாப்பேட்டைக்கும் இடையே அடையாற்றுப் பாலம். மாம்பலத்தில் படிக்கட்டெல்லாம் நிறைந்த கூட்டம். எழும்பூரில் கும்மட்டங்களோடு சிவப்புக் கட்டடம். முன்பொரு முறை கண் மருத்துவமனைக்கு வந்திருந்த பெரியம்மா அதை உடனே கண்டுகொண்டு, "அடுத்ததுல எழுந்துக்கணும்" என்றார். மாலையில் திரும்பும்போது அம்மா இதே வரிசையைப் பின்னிருந்து முன்னாக ஒப்பித்தார். சிவப்புக் கட்டடம், கூட்டம், ஆறு, மலை, விமானம். ஹாரி பெக்கின் படத்துக்கு இது எவ்வகையிலும் குறைந்ததன்று. தொடர்பு மட்டும் இருக்கிறது, தூரம் இல்லை.

சிக்கல் வந்தது நிலத்துக்கு அடியில். சென்ட்ரல் மெட்ரோ நிலையத்தில் நீலத் தடமும் பச்சைத் தடமும் சந்திக்கின்றன. நகரும் படிக்கட்டுக்கு அஞ்சி அத்தை சாதாரணப் படியில் இறங்கி வந்தார். கீழே வந்ததும் நால்வரும் முதன்முறையாக என்னைத் திரும்பிப் பார்த்தனர். வழவழப்பான சுவர், வெள்ளை விளக்கு, கண்ணாடிக் கதவு. மலையும் இல்லை, ஆறும் இல்லை. "இங்க எதப் பாத்து எறங்கறது பாப்பா? எல்லாம் ஒரே மாதிரி கீதே" என்றார் அம்மா.

அக்கேள்வி இன்றுவரை என்னை விடவில்லை. நிலத்தின் மேல் யாரும் சொல்லித் தராமலே வழி கண்டவர், நிலத்தின் கீழ் ஒரு நிமிடத்தில் வழியற்றவர் ஆகிவிட்டார். அங்கே எழுத்து ஒன்றே அடையாளம். தமிழில் அறிவிப்புச் சொல்கிறார்கள், உண்மைதான். பேச்சொலிக்கும் வண்டியொலிக்கும் நடுவே அதைப் பிடிக்கப் பழகிய காது வேண்டும். நாங்கள் செல்ல வேண்டிய அரசினர் தோட்டம் அடுத்த நிலையமே ஆகையால் 'ஒன்று' என்று எண்ணி இறங்கினோம். அங்கிருந்து வாலாஜா சாலை வழியே, சேப்பாக்கம் விளையாட்டரங்கத்தைக் கடந்து, கடற்காற்று வந்த திசையில் நடந்து மெரினாவை அடைந்தோம்.

கடலைக் கண்டதும் நால்வரும் வெகுநேரம் பேசவில்லை. பிறகு அத்தைதான் கேட்டார், "இதுக்கு அந்தாண்ட எந்த ஊரு?"

அந்தாண்ட உள்ள ஊர்கள்

சென்னையிலிருந்து நேர் கிழக்கே சென்றால் அந்தமான் தீவுகள். அதற்கும் அப்பால் ஏறத்தாழ அதே கோட்டில் பாங்காக் நகரம். அத்தைக்கு அன்று அவ்வளவுதான் சொன்னேன். ஊர் திரும்பிய பின் அந்நகரைப் பற்றிப் படித்தபோது, அம்மாவின் கேள்விக்கு அங்கே ஒரு விடை இருக்கக் கண்டேன்.

பாங்காக்கின் நடுவே சாவோ பிராயா என்னும் ஆறு ஓடுகிறது. அதில் நகரப் பேருந்து போலவே விரைவுப் படகுகள் ஓடுகின்றன. எந்தப் படகு எந்தத் துறைகளில் நிற்கும் என்பதை அதன் கொடியின் நிறத்தைக் கொண்டே அறியலாம். ஆரஞ்சுக் கொடி, மஞ்சள் கொடி, பச்சைக் கொடி என வகைகள் உண்டு. சாத்தோன் துறையை நடுவாக வைத்து, வடக்கே உள்ள துறைகளுக்கு வரிசை எண்கள். அரண்மனையும் பெரும் புத்த விகாரங்களும் எட்டு, ஒன்பதாம் துறைகளை ஒட்டி அமைந்துள்ளன. தாய் மொழியெழுத்து நமக்குப் புரியாது. கொடியின் நிறம் எல்லார்க்கும் புரியும். அந்நகரின் சீலோம் சாலையில் தமிழர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுப்பிய மாரியம்மன் கோயில் ஒன்று இன்றும் வழிபாட்டில் இருக்கிறது. எங்கள் தெருப் பெண்கள் அங்கே போனால் முதலில் போகும் இடம் அதுவாகவே இருக்கும்.

ஹாங்காங்கின் சுரங்க ரயிலில் நிலையத்துக்கு நிலையம் சுவரின் நிறம் வேறு. கண்ணை உயர்த்தினாலே இன்ன இடம் என்று தெரிந்து விடும். ஜப்பானின் புக்குவோக்கா நகரில் 1981-இல் தொடங்கிய சுரங்க ரயிலில் ஒவ்வொரு நிலையத்துக்கும் அதன் வரலாற்றையோ சூழலையோ காட்டும் சின்னம் ஒன்று வரையப்பட்டுள்ளது. இவ்வகையில் முன்னோடி ஆசியாவுக்கு வெளியே உள்ள மெக்சிகோ நகரம். அங்கே 1969-இல் மெட்ரோ தொடங்கியபோது எழுத்தறியாத மக்கள் ஏராளம். லான்ஸ் வைமன் என்னும் வடிவமைப்பாளரின் முயற்சியால் ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு படம் கிடைத்தது. சப்புல்தெப்பெக் நிலையத்துக்கு வெட்டுக்கிளி. அப்பெயருக்குப் பழங்குடி மொழியில் வெட்டுக்கிளிக் குன்று என்பது பொருள். ஒருவர் மற்றவரிடம் "வெட்டுக்கிளியில் இறங்கு" என்று சொல்லலாம். இச்செலவு ஒன்றும் பெரிதன்று. சுவரில் பெயர் எழுதும்போதே பக்கத்தில் ஒரு படமும் வரைவதுதான். நம் சென்னை மெட்ரோவின் நிலையங்களுக்கு இவ்வாறு செய்வதற்கு என்ன தடை என்று எனக்கு விளங்கவில்லை.

வரப்போகும் விருந்தினர்

படிக்கத் தெரியாத நான்கு பெண்களுக்காக இவ்வளவா என்று கேட்பவர்களுக்கு நம் செஞ்சியையே காட்டுவேன். மராட்டியரின் பன்னிரண்டு கோட்டைகளை 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. பதினொன்று மகாராட்டிரத்தில் உள்ளவை. பன்னிரண்டாவது செஞ்சிக் கோட்டை. 1677-இல் சிவாஜி கைப்பற்றியதும், பின்னர் அவர் மகன் இராசாராம் தங்கி மொகலாயர் முற்றுகையை 1698 வரை தாங்கி நின்றதும் அக்கோட்டையே. புதுவைக்கும் திருவண்ணாமலைக்கும் வரும் வெளிநாட்டார் இனி நம் பக்கமும் அதிகம் வருவார்கள். அவர்கள் நாட்டில் அவர்கள் பேராசிரியராக இருக்கலாம். செஞ்சிப் பேருந்து நிலையத்தில் இறங்கியதும் எழுத்தறியாதவர்கள்தாம். எங்கள் பக்கத்துப் பேருந்துகளில் பலகை பெரும்பாலும் தமிழில் மட்டுமே. அதை மாற்ற வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். தமிழுக்குப் பக்கத்தில் ஒரு படம் இருந்தால் அவர்களுக்கும் ஆகும், அம்மாவுக்கும் ஆகும். ஆங்கிலத்தைச் சேர்த்தால் அவர்களில் சிலருக்கு மட்டுமே ஆகும்.

அடையாளம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு எங்கள் ஊர் அமாவாசையே பாடம். அன்றிரவு அங்காளம்மனின் ஊஞ்சல் உற்சவம் காண, தமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலிருந்தும் புதுவையிலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் மக்கள் வந்து குவிகிறார்கள். சிறப்புப் பேருந்துகளும் வேன்களும் ஊரைச் சூழ்ந்து நிற்கும். ஒரே இரவில் எங்கள் கிராமம் பெருநகரமாகி, விடிந்ததும் கிராமமாகி விடும். ஒவ்வொரு வேனின் முகப்பிலும் வேப்பிலைக் கொத்து கட்டியிருப்பார்கள். தரிசனம் முடித்துத் திரும்பும் பாட்டிமார்கள் "வேப்பிலை கட்டின வண்டி" என்று தேடுவார்கள். எல்லா வண்டியிலும் வேப்பிலை இருக்கையில் அது அடையாளமாகாது அல்லவா? பிறவற்றிலிருந்து வேறுபடுவதே அடையாளம். இதை நன்கறிந்த ஓர் ஓட்டுநர் சென்ற தை அமாவாசையன்று தம் வேனின் கூரையில் ஒரு பச்சை பிளாஸ்டிக் குடத்தைக் கவிழ்த்துக் கட்டியிருந்தார். அந்த வண்டிப் பயணிகள் ஒருவரும் அலைந்ததை நான் பார்க்கவில்லை.

இப்போது நானும் ஒரு படம் வரைந்து கொண்டிருக்கிறேன். எங்கள் ஊரிலிருந்து சென்னைக் கடற்கரை வரை, இறங்கும் இடந்தோறும் ஒரு சின்னம். சின்னங்களைத் தேர்ந்தெடுப்பது அம்மா, வரைவது மட்டுமே நான். மேல்மலையனூருக்குப் புற்று. வளத்திக்குத் தேநீர்க் கோப்பை. அங்கே ஓட்டுநர் இறங்கித் தேநீர் குடிப்பாராம். செஞ்சிக்கு மூன்று மலைகள். திரிசூலத்துக்கு விமானம், எழும்பூருக்குச் சிவப்புக் கட்டடம். அரசினர் தோட்டத்துக்கு என்ன வரைவது என்று கேட்டேன். அம்மா நெடுநேரம் யோசித்தார். "அங்க ஒண்ணுமே இல்லியே" என்றார். அந்தக் கட்டத்தை இப்போதைக்கு வெறுமையாக விட்டிருக்கிறேன்.